சிவப்பு கிரீஸ் இரண்டு உண்டு

பாகான் டாலாமில் வீட்டு இரும்புக் கதவுக்குச் சாயம் பூசி இரண்டு மழைக்காலம் கடந்தால் போதும், கீழ் ஓரத்தில் துரு எட்டிப் பார்க்கும். பட்டர்வொர்த் துறைமுகமும் பெர்ரித் துறையும் பக்கத்திலேயே இருக்கும் ஊர். கடற்காற்றில் வரும் உப்பு தகரக் கூரையையும் விடாது, சைக்கிள் செயினையும் விடாது. காரின் முன்சக்கரத்துக்குள் யார் கண்ணிலும் படாமல் இருக்கும் இரண்டு எஃகுக் கம்பிகளும் அதற்கு விலக்கல்ல. சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். அவை நகராமல் இறுகிப்போனால் பிரேக் பாதி வேலையைத்தான் செய்யும்.

கேலிப்பர் பின் என்று பட்டறைகளில் சொல்வது இவற்றைத்தான். இன்று ஓடும் சிறிய, நடுத்தரக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரத்தில் மிதவைக் கேலிப்பர்தான் இருக்கிறது. வட்டமான இரும்புத் தட்டு சக்கரத்தோடு சுழல்கிறது. அதன் இருபுறமும் இரண்டு பிரேக் பேடுகள். பிஸ்டன் இருப்பதோ உட்பக்கம் மட்டும். மிதியை அழுத்தியதும் பிஸ்டன் உட்பக்கப் பேடைத் தட்டின் மேல் தள்ளுகிறது. அந்தத் தள்ளலின் எதிர்விசையில் கேலிப்பர் முழுவதும் உட்பக்கமாக நகர்ந்து, வெளிப்பக்கப் பேடை இழுத்து வந்து தட்டில் பதிக்கிறது. கையை விரித்து ஒரு ரொட்டியைக் கட்டை விரலாலும் மற்ற விரல்களாலும் பிடிப்பது போல. கேலிப்பர் இப்படி முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லும் தண்டவாளம்தான் அந்த இரண்டு பின்களும். ஒவ்வொரு பிரேக்குக்கும் அவை நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனாலும் தடையின்றி நகர வேண்டும்.

பின் ஓடும் துளைக்கும் பின்னுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளிதான் விட்டிருப்பார்கள். துருப்பிடித்த இரும்பு, தான் இரும்பாக இருந்தபோது பிடித்த இடத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். ஆகவே மெல்லிய துருப் படலம் ஒன்று போதும், இடைவெளி அடைபட்டுவிடும். பின் இறுகியதும் இரண்டு பேடுகளும் சமமாகத் தேய்வது நின்றுவிடுகிறது. எந்தப் பக்கப் பேடு அதிகம் தேயும் என்பது கேலிப்பர் எந்த நிலையில் சிக்கியது என்பதைப் பொறுத்தது. இரண்டில் ஒரு பின் மட்டும் சிக்கினால் பேடு ஆப்பு வடிவில் சாய்வாகத் தேயும்.

இறுகிய கேலிப்பர் சில வேளை பேடை விடுவிக்காது. காலை எடுத்த பிறகும் பேடு தட்டோடு உரசிக்கொண்டே ஓடும். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தை நெரிசலில் ஊர்ந்து கடக்கும்போது அந்த உராய்வு முழுவதும் வெப்பமாகத் தேங்குகிறது. வெப்பம் பிஸ்டன் வழியாகப் பிரேக் திரவத்துக்குப் போகும். டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஈரம் ஏறிய திரவத்துக்கு விதி கேட்கும் அளவு 140 டிகிரிதான். திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது.

இதைக் கண்டுபிடிக்க யார் இருக்கிறார்கள்? சரக்கு லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் மலேசியாவில் முறையான பரிசோதனை உண்டு. உருளைகளின் மேல் சக்கரத்தை ஏற்றி, இடது வலது பிரேக் விசை வேறுபடுகிறதா என்று இயந்திரமே அளந்து சொல்லும். சொந்தக் காருக்கு அப்படி ஆண்டுக்கு ஒருமுறைக் கட்டாயம் கிடையாது. வண்டியை விற்றுப் பெயர் மாற்றும்போதுதான் அந்த உருளையைப் பார்க்கும். அதுவரை பின்னின் நிலையைப் பார்ப்பவர், பேடு மாற்றும் பட்டறைக்காரர் ஒருவர்தான். அவர் அன்றைக்கு எந்த கிரீஸ் டப்பாவில் விரலை விடுகிறார் என்பதில் இருக்கிறது விஷயம்.

“எல்லா கிரீஸும் ஒண்ணுதான் அண்ணே, வழுக்கினா சரி” என்ற பதில் பல பட்டறைகளில் கேட்கக் கூடியது. வழுக்குவது உண்மை, முதல் சில மாதங்களுக்கு. பிறகு நடப்பதைப் புரிந்துகொள்ள கிரீஸ் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும்.

கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் அல்ல. அது எண்ணெயை ஊற வைத்த பஞ்சு. பஞ்சின் வேலையைச் செய்வது கெட்டிப்பான். பெரும்பாலும் அது ஒருவகை சோப்பு: லித்தியம் சோப்பு, கால்சியம் சோப்பு. களிமண், சிலிக்கா, டெஃப்லான் தூள்கொண்டும் கெட்டியாக்குவார்கள். டப்பாவில் இருப்பதில் பெரும்பங்கு எண்ணெய்தான். உராய்வைக் குறைப்பதும் அதுதான். கெட்டிப்பான் அதை ஒழுகிவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது கெட்டிப்பானின் பெயர். உள்ளே இருப்பது என்ன எண்ணெய் என்பதைப் பின்புறம் பொடி எழுத்தில்கூடச் சில நிறுவனங்கள் போடுவதில்லை.

கேலிப்பர் பின்னில் எண்ணெய்தான் முக்கியம். ஏனென்றால் பின் தனியாக இல்லை. அதன் வாயில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கிறது, தண்ணீரும் மணலும் உப்பும் உள்ளே போகாமல் காக்க. பல கார்களில் இரண்டு பின்களில் ஒன்றின் நுனியில் சின்ன ரப்பர் வளையம் ஒன்றும் இருக்கும், கேலிப்பர் கடகடக்காமல் இருப்பதற்காக. இவற்றில் பெரும்பாலும் பயன்படுவது இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். பிரேக் திரவம் அதை ஒன்றும் செய்யாது. பெட்ரோலிய எண்ணெய் செய்யும்.

ரப்பர் என்பது நீண்ட கார்பன் சங்கிலிகளின் சிக்கல். கந்தகம் போன்ற பொருள்கள் அந்தச் சங்கிலிகளை ஆங்காங்கே முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கின்றன. பெட்ரோலிய எண்ணெயும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட சங்கிலிதான். இனம் இனத்தோடு சேரும். எண்ணெய் மூலக்கூறுகள் ரப்பர்ச் சங்கிலிகளுக்கிடையே புகுந்து உட்கார்ந்துகொள்கின்றன. முடிச்சுகள் இருப்பதால் ரப்பரால் கரைந்து போக முடியாது, பருக்கத்தான் முடியும். நுனியிலுள்ள ரப்பர் வளையம் பருத்தால் துளைக்குள் ஆப்படித்தது போல இறுகும். துரு எதுவும் தேவையில்லை, கிரீஸே பின்னைப் பிடித்துவிடும். வெளியே இருக்கும் உறை பருத்தால் தன் பள்ளத்திலிருந்து நழுவி வாய் திறக்கும். மழைநீர் உள்ளே போகும், பிறகு துரு தன் வேலையைத் தொடங்கும். வழுக்குவதற்குப் போட்டது இப்படித்தான் இறுக்குவதில் முடிகிறது.

சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸில் இருப்பது பெரும்பாலும் பெட்ரோலிய எண்ணெய். பேரிங்குக்கு அது சரியான பொருள். பட்டறையில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் அதுதான் என்பதே சிக்கல்.

இந்த ரப்பர்ப் பிரச்சினை புதிதல்ல. 1920களில் கார்களுக்கு ஹைட்ராலிக் பிரேக் வரத் தொடங்கியது. 1924இல் வந்த கிரைஸ்லர் கார் அதைப் பரவலாக்கியவற்றுள் ஒன்று. அன்றைய அடைப்பு வளையங்களுக்கு இயற்கை ரப்பர்தான் கிடைத்தது. உலகின் ரப்பரில் மிகப் பெரிய பங்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து போய்க்கொண்டிருந்த காலம் அது. செபராங் பிறையில் நம் முன்னோர் பால் வெட்டியதும் அந்தக் கணக்கில் சேரும். ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது என்பதால் பிரேக் குழாய்க்குள் அன்று ஊற்றியது ஆல்கஹாலில் கலந்த ஆமணக்கு எண்ணெய். ஆம், வயிற்றைச் சுத்தம் செய்யப் பாட்டி கொடுத்த அதே விளக்கெண்ணெய்.

ஏன் அது? விளக்கெண்ணெயில் 85 முதல் 90 சதவீதம் வரை இருப்பது ரிசினோலியிக் அமிலம். அதன் 12ஆவது கார்பனில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கொக்கி தொங்குகிறது. மற்ற சமையல் எண்ணெய்களில் பெரும்பாலும் இல்லாத கொக்கி இது. அதனால் இந்த மூலக்கூறுக்கு மின்சமன் குலைந்த ஒரு முனை கிடைக்கிறது. வெறும் கார்பன் சங்கிலியான ரப்பரோடு அது இனம் சேர்வதில்லை, உள்ளே புகுவதும் அரிது. அதே முனை இரும்பின் மேற்பரப்பில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். ரப்பரை விட்டு விலகி, இரும்பைப் பிடித்துக்கொள்ளும் எண்ணெய். ‘விளக்கெண்ணெய்’ என்று ஒருவரைத் திட்டுவது எவ்வளவு அநியாயம் பாருங்கள். பிரேக் ரப்பர்களுக்கென்றே தயாரிக்கும் சிவப்பு ரப்பர் கிரீஸ் இந்த வழியில் வந்ததுதான்.

குழப்பமும் அங்கேதான். பேரிங்குக்கான லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ்களில் பலவும் இதே சிவப்பில் வருகின்றன. இரண்டையும் விரலில் தொட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ஒன்று ரப்பரைக் காக்கும், மற்றது பருக்க வைக்கும். நிறம் என்பது தயாரிப்பாளர் கலக்கும் சாயம். அதற்கு வேதியியல் அர்த்தம் எதுவும் கிடையாது.

பெயரும் அப்படியே. “லித்தியம் கிரீஸ் கேலிப்பருக்கு ஆகாது” என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். டொயோட்டாவின் சர்வீஸ் கையேடுகளோ கேலிப்பர் பின்னுக்கு லித்தியம் சோப்பு கிளைகால் கிரீஸைத்தான் குறிப்பிடுகின்றன. முரண்பாடு இல்லை. லித்தியம் சோப்பு வெறும் பஞ்சு. அதில் பெட்ரோலிய எண்ணெயை ஊற வைத்தால் ரப்பருக்குப் பகை. பிரேக் திரவத்தின் உறவினரான கிளைகாலை ஊற வைத்தால் ரப்பருக்கு நட்பு. (அந்த லித்தியம் சோப்பைச் செய்ய வேண்டிய கொழுப்பு அமிலமும் பெரும்பாலும் ஆமணக்கிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. உலகில் ஆமணக்கு மிக அதிகம் விளைவது இந்தியாவில்.)

கடைகளில் பிரேக்குக்கு என்று விற்கும் கிரீஸ்களில் இன்னொரு பெரிய வகை சிலிக்கோன். இபிடிஎம் ரப்பரை அது பருக்க வைக்காது, தண்ணீரில் அடித்துப் போகாது, 200 டிகிரி அளவு வரை தாங்கும். நம் ஈரத்துக்கும் உப்புக்கும் நல்ல தேர்வு என்பேன். ஒரு விலக்கு மட்டும்: ரப்பர் உறையே சிலிக்கோன் ரப்பரால் ஆனதாக இருந்தால் மறுபடியும் இனம் இனத்தோடு சேர்ந்துவிடும். வண்டியின் கையேடு சொல்வதை மீறவேண்டாம் என்பது அதனால்தான். செம்பு நிறத்தில் வரும் காப்பர் கிரீஸை பின்னில் போடவே கூடாது. இரும்பும் இரும்பும் தொடும் இடங்களில் வெப்பத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உருவானது அது. அதிலுள்ள எண்ணெய் ரப்பருக்கு ஏற்றதல்ல. அலுமினியக் கேலிப்பரில், உப்பு ஈரத்தில், செம்புத் துகள் அரிப்பையும் தூண்டும்.

ஆக, உதிரிப்பாகக் கடையில் கேட்க வேண்டியது நிறத்தையோ சோப்பின் பெயரையோ அல்ல. கேலிப்பர் ஸ்லைடு பின்னுக்கு உரியது, இபிடிஎம் ரப்பருக்குப் பாதுகாப்பானது என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு காருக்குத் தேவைப்படுவது சின்னப் பொட்டலம்தான்.

நல்ல கிரீஸை வாங்கிக் கெடுப்பதும் நடக்கிறது. பழைய கிரீஸின் மேலேயே புதியதை அப்பினால் இரண்டும் கலந்து பழைய எண்ணெய் தன் வேலையைத் தொடரும். பின்னையும் துளையையும் பிரேக் கிளீனரால் முழுவதும் துடைக்க வேண்டும். ரப்பர் உறையைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவது, பருக்க வைக்கும் எண்ணெயிலேயே குளிப்பாட்டுவதற்குச் சமம். கிழிந்த, பருத்த உறையை மாற்றிவிட வேண்டும். இரண்டு பின்களும் பல வண்டிகளில் ஒன்றுபோல் இருக்காது, இடம் மாறக்கூடாது. கிரீஸ் மெல்லிய படலமாக இருந்தால் போதும். துளை நிறைய அடைத்தால் பின்னை உள்ளே தள்ளும்போது காற்று வெளியேற வழியின்றி அமுங்கி, ஸ்பிரிங் போலப் பின்னை வெளியே தள்ளும். சரியாக மாட்டிய பின் கையால் தள்ளினாலே நகர வேண்டும், விட்ட இடத்தில் நிற்க வேண்டும். பேடிலும் தட்டிலும் ஒரு துளி பட்டாலும் துடைத்தெடுக்காமல் சக்கரத்தைப் பூட்டக் கூடாது.

மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் இது பொருந்தும். முன்சக்கரத்தில் டிஸ்க் உள்ள சிறிய வண்டிகள் பலவற்றிலும் இதே மிதவைக் கேலிப்பர், இதே இரண்டு பின்கள், இதே ரப்பர் உறை. பெர்ரியில் 2021 முதல் கார்கள் ஏறுவதில்லை. மோட்டார் சைக்கிள்கள் பல இன்றும் நீரிணையைப் பெர்ரியில் கடக்கின்றன, தினமும் இருமுறை உப்புக்காற்றில். மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். அவர்கள் வண்டியின் பேடைக் கழற்றும்போது பின்னையும் கழற்றிப் பார்க்கும்படி பட்டறையில் கேட்பது கூடுதல் கால் மணி நேர வேலை.

வீட்டிலிருந்தே கவனிக்கச் சில அறிகுறிகள் உண்டு. ஓடி வந்து நிறுத்தியதும் ஒரு சக்கரத்தின் பக்கம் மட்டும் மற்றதைவிட அனலடிக்கும் (தட்டைத் தொட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும்). ஒரு பக்க ரிம்மில் மட்டும் கறுப்புத் தூள் அதிகம் படியும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும்.

பிள்ளைகள் செய்து பார்க்க ஓர் எளிய சோதனை. ஒரே அளவுள்ள இரண்டு ரப்பர் பேண்டுகளை வெட்டி நீட்டி, ஒன்றைப் பயன்படுத்தாத இன்ஜின் எண்ணெயிலும் மற்றதை விளக்கெண்ணெயிலும் மூடியுள்ள கண்ணாடிப் புட்டிகளில் ஒரு வாரம் போட்டு வையுங்கள். எடுத்துத் துடைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தால் இன்ஜின் எண்ணெயில் கிடந்தது நீண்டு தடித்திருக்கும், இழுத்தால் எளிதில் அறும். விளக்கெண்ணெயில் கிடந்தது பெரிதாக மாறியிருக்காது. மூன்றாவது புட்டி ஒன்றும் வைக்கலாம்: பட்டறையில் கழற்றிய கேலிப்பர் உறையின் நல்ல துண்டு ஒன்று, அங்கே பின்னுக்குப் போடும் கிரீஸுக்குள். அந்தத் துண்டு பருத்திருந்தால் அந்த டப்பா பேரிங்குக்கும் கதவுக் கீலுக்கும் மட்டும்.