மரக்காணம் கடலின் உரக்கணக்கு

திண்டிவனம் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் கடுகளவு முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் பாக்டீரியா வேலையில் இருக்கிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான், ஆனாலும் செடியால் அதை நேராக எடுக்க முடியாது. பாக்டீரியா அதை அம்மோனியாவாக்கித் தருகிறது. செடி சர்க்கரை கொடுத்து வாங்கிக்கொள்கிறது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டிஎம்வி 7 ரகமானாலும் சரி, வேறு ரகமானாலும் சரி, ஏற்பாடு இதுதான்.

கிழக்கே மரக்காணத்தைத் தாண்டினால் வங்கக் கடல். வெப்பக் கடல்களில் இதே வேலையைச் செய்பவற்றில் பேர்பெற்றது டிரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சை பாக்டீரியா. அதன் இழைகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து வெறும் கண்ணுக்கே தெரியும். கேப்டன் குக்கின் மாலுமிகள் 1770இல் பார்த்துவிட்டுக் கடல் மரத்தூள் என்றார்கள். (பாம்பன் பக்கம் கடலைப் பச்சையாக்கும் பூங்கோரை வேறு, அது நாக்டிலூகா என்ற நுண்ணுயிர். அதற்கு நைட்ரஜன் பிடிக்கத் தெரியாது.)

பிடித்த நைட்ரஜன் பிறகு எங்கே போகிறது என்பதில்தான் சிக்கல். இங்கே வாங்கிக்கொள்ள வேர் கிடையாது. கணிசமான பங்கு தண்ணீரில் கசிந்து, அக்கம்பக்கத்து நுண்பாசிகளுக்குத் தீனியாகிறது. டிரைக்கோடெஸ்மியத்தை நேராகத் தின்னும் பிராணிகள் சொற்பம். மிச்சம் செத்து மூழ்கி, ஆழத்தில் நைட்ரேட் ஆகிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் வங்கக் கடலின் மேல் மூடிபோல் மிதப்பதால், அந்த நைட்ரேட் எளிதில் மேலே வராது. ஆக்சிஜன் அற்றுப்போன ஆழமாக இருந்தால் அது திரும்ப வாயுவாகிப் போய்விடும். அரபிக் கடலில் இந்த இழப்பு பெரிது. வங்கக் கடலில் துளி ஆக்சிஜன் மிச்சமிருப்பதே அதைத் தடுத்து நிறுத்துகிறது என்று 2016 இறுதியில் வெளியான ஆய்வு சொன்னது.

கடலில் எவ்வளவு நைட்ரஜன் பிடிபடுகிறது என்று அளக்க, கடல்நீர் பாட்டிலில் கனமான நைட்ரஜன்-15 வாயுவைக் குமிழியாக ஏற்றி, கப்பலிலேயே ஒரு நாள் வைத்து, வடிகட்டிய பாசியில் அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். குமிழி அத்தனை சீக்கிரம் கரைவதில்லை என்று 2010இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தபோது, பல பழைய கணக்குகள் குறைவாகப் போடப்பட்டவை என்று தெரிந்தது. எனக்குப் பிடித்தது இன்னொரு வழி: புதிதாகப் பிடித்த நைட்ரஜனில், ஆழ்கடல் நைட்ரேட்டைவிட அந்தக் கனமான வகை குறைவு. ஆகவே மிதவைப் பிராணியின் உடலைச் சோதித்தாலே அது யார் வீட்டுச் சாப்பாட்டில் வளர்ந்தது என்று ஊகிக்கலாம்.

கடலில் மல்லாட்டையை மிஞ்சிய கூட்டும் உண்டு. பிராருடோஸ்பேரா என்ற ஒருசெல் பாசிக்குள் குடிபுகுந்த நைட்ரஜன் பாக்டீரியா ஒன்று, செல் பிரியும்போது தானும் பிரிந்து, அதன் உறுப்பாகவே மாறிவிட்டது. 2024இல் அதற்கு நைட்ரோபிளாஸ்ட் என்று பேர் வைத்தார்கள்.