கொதிக்கும் ஆறு

ஆறு என்றவுடன் குளிர்ந்த நீரும், அதில் நீராடி மகிழும் மக்களும் நம் நினைவில் எழுகின்றனர். ஆனால் கால் வைத்தால் தோல் வெந்துவிடும் ஆறு ஒன்றும் இவ்வுலகில் உண்டு!

தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் அமேசான் காட்டில் ஓடுகிறது அச்சிற்றாறு. ஷனாய்-திம்பிஷ்கா என்பது பழங்குடி மக்கள் அதற்கு இட்ட பெயர். 'கதிரவனின் வெப்பத்தால் கொதித்தது' என்பது அதன் பொருள். நீரின் அன்னையாகிய பெரும் பாம்பு ஒன்றே இவ்வெந்நீரைப் பிறப்பிக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை.

நாம் குளிக்க விளாவும் வெந்நீரின் வெப்பம் ஏறத்தாழ 40 டிகிரி செண்டிகிரேடு. இவ்வாற்றிலோ பல இடங்களில் 80 டிகிரிக்கும் மேல். சில இடங்களில் 100 டிகிரியை நெருங்குகிறது. சுமார் 6 கிலோ மீட்டர் தூரம் இப்படிச் சூடாக ஓடுகிறது. தவறி விழும் தவளை முதலிய சிற்றுயிர்கள் பிழைப்பதில்லை.

இதற்குக் காரணம் என்ன? அருகில் எரிமலை இருக்குமோ? இல்லை. இயங்கும் எரிமலை 700 கிலோ மீட்டருக்கு அப்பால்தான் உள்ளது. மழைநீர் நிலத்தினுள் வெகு ஆழம் இறங்குகிறது. ஆழம் செல்லச் செல்லப் பூமியின் வெப்பம் மிகும். அங்கே காய்ந்த நீர், பாறைப் பிளவுகளின் வழியே மேலெழுந்து ஆற்றில் கலக்கிறது. பெயர் கதிரவனைச் சுட்டினாலும், வெப்பம் வருவது காலடியிலிருந்தே!

இவ்வாற்றை உலகறியச் செய்தவர் ஆந்த்ரேஸ் ரூசோ என்னும் புவியியல் அறிஞர். சிறு வயதில் தாத்தா கூறிய கதையில் அவர் இதனைக் கேட்டார். வளர்ந்த பின் வல்லுநர்களைக் கேட்டபோது, அப்படி ஓர் ஆறு இருக்க இயலாது என்றனர். அவருடைய அத்தையோ, தாம் அதை நேரிலேயே கண்டதாகக் கூறினார். 2011ஆம் ஆண்டு அத்தை வழிகாட்ட, அவர் வெப்பமானியுடன் சென்று அளந்தார். கதை மெய்யாயிற்று.

ஆனால் அச்சுற்றுவட்டாரத்தில் காடு வெட்டப்பட்டும் எரிக்கப்பட்டும் வருகிறது. ஆற்றோரத்தில் வெப்பம் மிகுந்த இடங்களில் மர வகைகள் குறைவு என்று 2024இல் வெளியான ஆய்வு கூறுகிறது. வெப்பமடைந்துவரும் உலகில் காடுகளின் நிலை யாதாகும் என்பதை முன்கூட்டியே காட்டும் பள்ளியறை அது. அது அழிந்தால் பாடமும் அழியும்.

மூத்தோர் சொல்லை ஏளனம் செய்யாமலும், ஆராயாது ஏற்காமலும், சென்று காண்பதே அறிவு. இவ்விடுமுறையில் நம் ஊர் ஓடைக்கு அப்பெயர் வந்த கதையை வீட்டுப் பெரியோரிடம் கேட்போமா?