'படம் எப்படி ப்ரோ?' - ஒரே வார்த்தையில தீர்ப்பு சொல்றவரா நீங்க?

இடைவேளைக்கு லைட் போட்ட அடுத்த நொடி போன் வெளியே வந்துடும். வாட்ஸ்அப்ல யாராவது ஏற்கெனவே கேட்டு வெச்சிருப்பாங்க, 'படம் எப்படி?'னு. பாப்கார்ன் வரிசையில நின்னுக்கிட்டே 'ஃபர்ஸ்ட் ஹாஃப் செம, செகண்ட் ஹாஃப் பார்ப்போம்'னு தட்டி விடுவீங்க. படம் முடிஞ்சு பார்க்கிங்ல வண்டியை எடுக்குறதுக்குள்ள தீர்ப்பும் ரெடி. வேற லெவல், தரமான சம்பவம், ஓகே ரகம், மொக்கை, கிரிஞ்ச். ஒரு படத்தைப் பத்திச் சொல்ல இன்னைக்கு நம்ம கையில இருக்கிற சொற்கள் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

அவசரத்துக்கு ஒரு வார்த்தை போதாதா? போதும்தான். ஆனா, அந்த ஒரு வார்த்தை நிஜமாவே உங்களோடதுதானா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. படத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே காலைக் காட்சி பார்த்தவங்களோட ரீல்ஸ் நாலு பார்த்திருப்பீங்க. தியேட்டர் வாசல்ல மைக் முன்னாடி ஒருத்தர் கத்தினதைக் கேட்டிருப்பீங்க. குரூப்ல ஒருத்தன், 'செகண்ட் ஹாஃப் லேக்'னு போட்டிருப்பான். அதுக்கப்புறம் இடைவேளை முடிஞ்சு சீட்ல உட்கார்ற நீங்க, படத்தைப் பார்க்குறதைவிட லேக் எங்கே வருதுனுதான் தேடிக்கிட்டு இருப்பீங்க. தேடினா கிடைக்காமலா போகும்?

இதைப் பாட்டை வெச்சுச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. 2006-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், யாருக்கும் தெரியாத இசைக்குழுக்களோட 48 பாடல்களை ஒரு இணையதளத்துல வெச்சாங்க. 14,000-க்கும் மேற்பட்டவங்க வந்து கேட்டாங்க. ஒரு பகுதியினருக்குப் பாட்டு மட்டும்தான் தெரியும். மத்தவங்களை எட்டு தனித்தனி குழுவாகப் பிரிச்சு, அந்தந்தக் குழுவுக்குள்ள எந்தப் பாட்டை எத்தனை பேர் டவுன்லோடு செஞ்சிருக்காங்கன்னும் காட்டினாங்க. பாட்டு அதேதான். ஆனா, ஒரு குழுவில் ஹிட்டான பாட்டு இன்னொரு குழுவில் ஆள் சீண்டாமல் கிடந்தது. ரொம்ப நல்ல பாட்டு பெரும்பாலும் தோற்கலை, ரொம்ப மோசமானது பெரும்பாலும் ஜெயிக்கலை. நடுவுல இருந்த பாட்டுகளோட தலையெழுத்தைத் தீர்மானிச்சதுல, முதல்ல வந்தவங்க எதை அமுக்கினாங்க என்பதுக்குப் பெரிய பங்கு.

நம்ம படங்களில் பெரும்பாலானவை அந்த நடுப்பகுதியில வர்றதுதான்!

குரூப்ல நடக்குறதும் இதேதான். பத்து பேர் சேர்ந்து படம் பார்க்கிறீங்கனு வெச்சுக்கோங்க. வெளியே வந்ததும் குரல் கொஞ்சம் பெருசா இருக்கிறவன் 'சாவடிச்சுட்டாங்கடா'ங்கிறான். நாலு பேர் சிரிக்கிறாங்க. க்ளைமாக்ஸ்ல கர்ச்சீப்பைத் தேடின அஞ்சாவது ஆள், 'ஆமாடா, சுமார்தான்'னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுறாங்க. அந்த அஞ்சாவது ஆள் பல தடவை நாமதான். அன்னைக்கு என்ன பார்த்து அழுதோம்னு யார்கிட்டயும் சொல்லாமலே போயிடும். நாலு நாள்ல நமக்கே மறந்துடும்.

பிடிக்கலையா, நல்லா இல்லையா?

இந்த ரெண்டும் வேற வேற. 'படம் நல்லா இல்லை'ங்கிறது படத்தைப் பத்தின வாக்கியம். 'எனக்குப் பிடிக்கலை'ங்கிறது உங்களைப் பத்தின வாக்கியம். நம்ம ஊர்ல எழுபது சதவிகித சினிமா சண்டைகள், ரெண்டாவதைச் சொல்ல வேண்டிய இடத்துல முதலாவதைச் சொல்றதாலதான் வருது (இந்த சதவிகிதம் என் சொந்த அனுபவக் கணக்கு, ஆய்வு எதுவும் இல்லை பாஸ்).

'மெய்யழகன்' படத்தை எடுத்துக்கோங்க. 2024 செப்டம்பர்ல வந்தது. சொந்த வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போன அருள்மொழி, இருபது வருஷத்துக்கும் மேல கழிச்சு ஒரு தங்கச்சி கல்யாணத்துக்காகத் திரும்ப வர்றார். அங்கே ஒரு சொந்தக்காரர் அவரைப் பிடிச்சுக்கிறார். பாசம்னா பாசம், அப்படியொரு பாசம். ஆனா, இவருக்கு அவர் பேரே ஞாபகம் வர மாட்டேங்குது. பெரிய சண்டை, வில்லன், ட்விஸ்ட் எதுவும் கிடையாது. ரெண்டு பேர் ராத்திரி முழுக்கப் பேசுறாங்க. கிட்டத்தட்ட மூணு மணி நேரப் படம்.

'பேசிட்டே இருக்காங்கப்பா, எப்போ முடியும்'னு சீட்ல நெளிஞ்சவங்க உண்டு. அதே பேச்சைக் கேட்டு, ஊர்ல விட்டுட்டு வந்த வீட்டு வாசலை நினைச்சுக்கிட்டு வெளியே வந்து பத்து நிமிஷம் யார்கிட்டயும் பேசாம நின்னவங்களும் உண்டு. ரெண்டு பேரும் பொய் சொல்லலை. பிறந்ததிலிருந்து ஒரே ஃபிளாட்ல இருக்கிற பையனுக்கு 'லேக்'காகத் தெரிஞ்ச இருபது நிமிஷம், வித்துப்போன வீட்டை பஸ் ஜன்னல் வழியா மட்டும் பார்க்கிற ஒருத்தருக்குப் படமே அதுதான். இங்கே 'யார் சொல்றது சரி?'னு கேட்டா பதில் கிடைக்காது. 'உனக்கு ஏன் அப்படி இருந்துச்சு?'னு கேட்டா, படத்தைவிட சுவாரஸ்யமான ஒரு கதை எதிராளிகிட்ட இருந்து வரும்.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. நீளம்னு வந்த கருத்துகளுக்கு அப்புறம், ரிலீஸான சில நாள்லயே அந்தப் படத்துல சுமார் 18 நிமிஷத்தைக் குறைச்சாங்க. அதாவது, நீங்க பார்க்கிங்ல நின்னு சொல்ற அபிப்பிராயம் காத்துல போயிடுதுனு நினைக்காதீங்க. எடிட்டிங் டேபிள் வரைக்கும் போகுது.

பிடிக்கலைனு சொல்றதுக்கு நாம காட்டுற காரணத்தையும் கொஞ்சம் சந்தேகப்படலாம். 1993-ல் ஒரு ஆய்வு. மாணவர்களுக்கு சில போஸ்டர்களைக் காட்டி, பிடிச்சதை வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னாங்க. பாதிப் பேர்கிட்ட மட்டும், ஏன் பிடிக்குது, ஏன் பிடிக்கலைனு முன்னாடியே காரணம் எழுதச் சொன்னாங்க. சில வாரம் கழிச்சு விசாரிச்சா, காரணம் எழுதிட்டு எடுத்தவங்களுக்குத்தான் திருப்தி குறைவு. காரணம்னு கேட்டா, மனசுல இருக்கிறது வராம, வாய்க்கு ஈஸியா வர்றது முதல்ல வருது. 'லாஜிக் இல்லை', 'பி.ஜி.எம் இரைச்சல்', 'ஸ்கிரீன்ப்ளே வீக்' எல்லாம் அந்த வகைதான். சில சமயம் அது உண்மையாவும் இருக்கும். பல சமயம் நேத்து யூடியூப்ல கேட்ட வார்த்தை.

அதனால, தியேட்டரை விட்டு வந்ததும் முதல் அரை மணி நேரம் போனை எடுக்காம இருந்து பாருங்க. அப்புறம் நோட்ஸ் ஆப்ல மனசுல நிக்கிற ஒரு காட்சி, கை போனைத் தேடின ஒரு இடம், இந்தப் படத்தை யாருக்குக் காட்டணும்னு தோணுச்சோ அவங்க பேர். இவ்வளவு எழுதினா போதும். மறுநாள் காலையில படிச்சா, எந்த விமர்சகரும் எழுதாத ஒண்ணு அதுல இருக்கும்.

நம்பர் சொல்லாதது

ஸ்டார் பார்த்துப் படம் போறவங்களுக்கு ஒரு தகவல். 'ராட்டன் டொமேட்டோஸ்' தளத்தில் ஒரு படத்துக்கு 90 சதவிகிதம்னு போட்டிருந்தா, அது பத்துக்கு ஒன்பது மார்க்னு அர்த்தம் இல்லை. நூறு விமர்சகர்களில் 90 பேர் 'தேறும்'னு சொன்னாங்க, அவ்வளவுதான். பத்துப் பேரும் 'பார்க்கலாம், ஆறு மார்க் கொடுக்கலாம்'னு சொன்ன படம் அங்கே 100 சதவிகிதம் வாங்கிடும். அஞ்சு பேர் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடி, அஞ்சு பேர் திட்டின படம் 50-ல நிக்கும். என் கட்சி எதுன்னு கேட்டா, ரெண்டாவது படத்துக்குத்தான் டிக்கெட் போடுவேன். எதிலயும் மாட்டாத படத்தைவிட, ஆளுக்கு ஆள் முட்டிக்கிற படத்துல ஏதோ ஒண்ணு இருக்கும்.

நம்ம ஊர்ல ஆனந்த விகடன் மார்க் ரொம்ப ஃபேமஸ். 1977-ல் '16 வயதினிலே' வாங்கின 62½ மார்க்கை இன்னைக்கும் சொல்லுவாங்க. ஆனா, அந்த மார்க்குக்குப் பக்கத்துல விமர்சனமும் இருந்துச்சு. இப்போ ஸ்கிரீன்ஷாட்ல சுத்துறது வெறும் நம்பர்.

கேட்கிறது யாருங்கிறதும் முக்கியம். ரூம்மேட் 'படம் எப்படி?'னு கேட்டா, 'இருநூறு ரூபா செலவழிக்கலாமா, ஓ.டி.டி-ல பார்த்துக்கலாமா?'னு அர்த்தம். அக்கா கேட்டா, 'குழந்தையைக் கூட்டிட்டுப் போகலாமா, ரத்தம் தெறிக்குமா?' புதுசா பேச ஆரம்பிச்சிருக்கிற அந்த ஒருத்தர் கேட்டா, அது படத்தைப் பத்தின கேள்வியே இல்லை. எல்லாருக்கும் ஒரே 'செம'யை ஃபார்வர்டு செஞ்சா எப்படி? 'யார்கூட போறே?'னு ஒரு எதிர்க்கேள்வி கேட்டுட்டு பதில் சொல்லிப் பாருங்க.

கதையைச் சொல்லாம கதை சொல்றது

'மகாராஜா' (2024) படத்தை நண்பருக்கு எப்படிச் சொல்வீங்க? 'சலூன் கடை வெச்சிருக்கிற ஒருத்தர் போலீஸ் ஸ்டேஷன் போய் லட்சுமியைக் காணோம்னு புகார் கொடுக்கிறார். லட்சுமி யாருன்னா, ஒரு குப்பைத்தொட்டி.' இதோட நிறுத்திக்கலாம். கேட்கிறவர் அடுத்த ஷோவுக்கு ஓடுவார். நல்ல பரிந்துரைனா இதுதான். படம் முதல் பத்து, இருபது நிமிஷத்துல கேட்கிற கேள்வியைச் சொல்லணும், பதிலைச் சொல்லக் கூடாது.

'முடிவு தெரிஞ்சா என்னங்க, ஸ்பாய்லர் ஒண்ணும் பண்ணாதுனு ஆராய்ச்சியே இருக்கு'னு சிலர் கிளம்புவாங்க. இருக்கு. 2011-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்துல செஞ்ச ஆய்வுல, முடிவை முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டவங்க கதையைக் கொஞ்சம் கூடுதலாவே ரசிச்சாங்க. ஆனா, அதுல கொடுத்தது சிறுகதைகள். நாலு மாசமா காத்திருந்து, லீவு போட்டு, டிக்கெட் எடுத்து வெச்சிருக்கிற உங்க நண்பர் அந்த ஆய்வுக்குப் பேர் கொடுக்கலையே!

ஸ்டேட்டஸ் பிரியர்களே, திரையை போன்ல ரெக்கார்டு செஞ்சு 'மாஸ் சீன்'னு போடுறது விமர்சனக் கணக்குல வராது. 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, அனுமதியில்லாம படத்தைப் பதிவு செஞ்சா குறைந்தது மூணு மாசம், அதிகபட்சம் மூணு வருஷம் சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம் ரூபாய். டைட்டில் கார்டுக்கு விசில் அடிங்க, போதும்.

வெள்ளிக்கிழமை தீர்ப்பு

சின்னப் படங்களுக்கு உங்க வாய்தான் போஸ்டர். 2025 மே 1-ம் தேதி சூர்யாவோட 'ரெட்ரோ' வந்த அதே நாள்ல 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்துச்சு. இலங்கையிலிருந்து வந்து சென்னையில ஒளிஞ்சு வாழுற ஒரு குடும்பத்தோட கதை. இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு அது முதல் படம். ஒருத்தர் பார்த்து நாலு பேர்கிட்ட சொல்லி, அவங்க வீட்டுல இருக்கிறவங்களைக் கூட்டிட்டுப் போய்தான் அந்தப் படம் ஓடுச்சு.

இதுக்கு நேர் எதிர் கதையும் உண்டு. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' தியேட்டர்ல போகலை. அப்புறம் டி.வி-ல பார்த்துப் பார்த்து நாம எல்லாம் அதைத் தலையில வெச்சுக்கிட்டோம். செல்வராகவனோட 'ஆயிரத்தில் ஒருவன்' 2010-ல் வாங்கின திட்டும், பிற்பாடு ரீ-ரிலீஸ்ல வாங்கின கைத்தட்டலும் ஒரே படத்துக்குத்தான். படம் மாறலை. பார்க்கிற நாம மாறிட்டோம். அன்னைக்கே 'எனக்குப் புரியலை, இன்னொரு தடவை பார்க்கணும்'னு சொல்ல நமக்கு ஒரு வார்த்தை இருந்திருந்தா, கொஞ்சம் டிக்கெட்டாவது கூட வித்திருக்கும்.

அதுக்காக வாயையே கட்டணுமா? வேண்டாம். 2024-ல் பெரிய படங்கள் சில அடுத்தடுத்து அடி வாங்கினப்போ, தியேட்டர் வளாகத்துல யூடியூப் மைக்கை விடாதீங்கனு தயாரிப்பாளர் சங்கம் கேட்டுச்சு. முதல் மூணு நாள் விமர்சனமே கூடாதுனு இன்னொரு தயாரிப்பாளர் அமைப்பு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துடுச்சு. சரிதான். காசு கொடுத்துப் பார்த்தவங்களுக்கு 'பிடிக்கலை'னு சொல்ற உரிமை இருக்கு. வெறுப்புக்கு வியூஸ் கிடைக்குதுனு படம் பார்க்காமலே திட்டுறது வேற கதை. ஒரு நடிகர் மேல இருக்கிற கடுப்பை இன்னொரு நடிகரோட படத்துல தீர்த்துக்கிறதும் அந்த ரகம்தான்.

எனக்குத் தெரிஞ்சு ஒரு நல்ல உரையாடலைச் சட்டுனு கொல்ற வாக்கியம், 'இதையெல்லாமாடா ரசிச்சே?'தான். அதைக் கேட்ட ஆள் அடுத்த படத்துக்கு உங்ககிட்ட உண்மையைச் சொல்ல மாட்டார். 'எந்த சீன் பிடிச்சுது?'னு மட்டும் கேட்டுப் பாருங்க. உங்களுக்குச் சுத்தமா ஒட்டாத படத்துல நீங்க போன் பார்த்துக்கிட்டிருந்த ஒரு சீனை அவங்க சொல்வாங்க.

இதுல நம்ம அம்மாக்கள் கில்லாடிங்க. ஸ்கிரீன்ப்ளே, மேக்கிங் எதுவும் பேச மாட்டாங்க. 'அந்தப் பெரியவன் தம்பியை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. வீட்டுல ஒருத்தராவது கேட்டாங்களா பாரு'னு படத்துல வந்தவங்களை எதிர்வீட்டுக்காரங்க மாதிரி பேசுவாங்க. நாம 'க்ளைமாக்ஸ் சொதப்பல்'னு சொல்லி முடிச்சிருப்போம். அவங்க மறுநாள் காலையில வெங்காயம் நறுக்கிக்கிட்டே, 'அந்தப் பொண்ணு அப்புறம் எங்க போயிருக்கும்?'னு கேட்பாங்க.