பதினைந்து வயதில் ஒரு கட்டி

கல்லூரி வாசலைப் பெண்கள் மிதிப்பதே குற்றமாகப் பார்க்கப்பட்ட காலத்தில், புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர்ந்து படித்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. உடன்பிறந்தவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் பிறந்த மாவட்டத்தில் இன்றும், மகளுக்கு மார்பில் கட்டி என்றால் அப்பாவுக்குக்கூடச் சொல்லாமல் பத்துப் போட்டுப் பார்க்கும் அம்மாக்கள் உண்டு. "வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவா?"

வளரிளம் பெண்களுக்கு மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஃபைப்ரோஅடினோமா எனும் நார்க்கட்டிதான். தொட்டால் விரலுக்குப் பிடிபடாமல் நழுவும். அந்த வயதில் மார்பகப் புற்றுநோய் மிக மிக அரிது. கட்டி சிறியதென்றால், சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கவனித்தாலே பெரும்பாலும் போதும். பல கட்டிகள் தாமாகவே சுருங்கிவிடும்.

அரிதாகச் சிலருக்கு அது மளமளவென்று வளர்ந்து 5 செ.மீ.யைத் தாண்டிவிடும். ஒரு பக்கம் மட்டும் பெருத்து, தோல் இழுபட்டு, நரம்பு புடைக்கும். இந்த ராட்சத நார்க்கட்டியும் புற்று அல்ல; ஆனால் எடுத்தாக வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஃபில்லோட்ஸ் என்ற இன்னொரு கட்டியும் பார்க்க இப்படியே இருக்கும். அதில் சில, எடுத்த பிறகும் முளைக்கும். சில புற்றாகவே இருக்கும். ஸ்கேனை மட்டும் வைத்து இரண்டையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும். ஊசி குத்தினால் கட்டி புற்றாக மாறிவிடும் என்பது வெறும் கட்டுக்கதை.

அவசரக் கத்தியும் ஆபத்துதான். ஒன்பது, பத்து வயதில் ஒரு பக்க மார்பு மட்டும் முதலில் அரும்புவது இயல்பு. அந்த மொட்டினைக் கட்டி என்று நினைத்து வெட்டிவிட்டால், அந்த மார்பு பிறகு வளராமலே போகலாம். நார்க்கட்டிக்கும் கட்டியை மட்டும் எடுத்தால் போதும். மார்பையே எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடாமல் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். அது உங்கள் உரிமை.

ஆண் மருத்துவர் பரிசோதித்தால் பெண் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எடுத்த கட்டியின் பயாப்சி அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பணம் கட்டிய இடத்தில் சிகிச்சையில் தவறு நேர்ந்தால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.

புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. கட்டி கைக்குத் தட்டுப்பட்ட வாரமே சீட்டு வாங்கிவிடுங்கள். அப்பாவும் கூட வரட்டும்.