பனித்தூணுக்கும் உண்டு பாகுப் பதம்

“உறைந்த அருவியில் கோடரியால் கொத்திக் கொத்தி ஏறுகிறார்களே, ஆள் கனம் தாங்காமல் அது உடைந்துவிடாதா? நல்ல கடுங்குளிர் நாளாகப் பார்த்து ஏறினால் ஆபத்து குறைவுதானே?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கூடவே ஒரு வீடியோவும் அனுப்பியிருக்கிறார். பின்னணியில் முரசு அதிர்கிறது. “உறைந்த நயாகராவை வென்ற மனிதர்” என்று தலைப்பு ஓடுகிறது. கேள்விகள் இரண்டும் அருமை. கோளாறு தலைப்பில்தான்.

கனடாவைச் சேர்ந்த வில் காட் 2015 ஜனவரியில் நயாகராவில் ஏறியது உண்மை. ஆனால் நயாகரா உறையவில்லை. குளிர்காலம் தவறாமல் “நயாகரா உறைந்தது” என்று செய்தி வரும். அருவியோ பனிப்போர்வைக்கு அடியில் தன்பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்கும். சாரல் தெறித்து ஓரப் பாறைகளில் படிந்து உறைகிறது. காட் ஏறியது அந்த ஓரத்துப் பனிக்கட்டியில். பக்கத்திலேயே ஆறு விழுந்துகொண்டிருந்தது. நயாகரா ஏறக்குறைய நின்றேபோனது 1848 மார்ச் இறுதியில். அப்போதும் அருவி உறைந்துவிடவில்லை. ஈரி ஏரியின் பனிப்பாளங்கள் ஆற்றின் வாயை அடைத்துக்கொண்டன, அவ்வளவுதான். இதனால் காட் செய்தது சிறிதாகிவிடாது. முரசுச் சத்தம் தேவைப்படாத அளவுக்கு அது கடினமான காரியம் என்றுதான் சொல்ல வருகிறேன்.

இன்னொன்று. இவர்கள் ஏறும் ‘அருவி’களில் பெரும்பாலானவை கோடையில் யாரும் திரும்பிப் பார்க்காத பாறைக் கசிவுகள். சொட்டுச் சொட்டாக வந்து, அடுக்கடுக்காக உறைந்து, குளிர்காலத்தில் தூணாகவும் திரைச்சீலையாகவும் நிற்பவை. அமெரிக்காவின் கொலராடோவில் யூரே என்ற ஊரில் பள்ளத்தாக்கின் சுவரில் குழாய் போட்டுத் தண்ணீர் தெளித்து, உறையவைத்தே ஏறுகிறார்கள். இந்தியாவில் ஸ்பிட்டியிலும் லடாக்கிலும் இந்த விளையாட்டு வந்துவிட்டது.

ஏறுவது எப்படி? கைக்கு ஒன்றாக இரண்டு கோடரி. விறகு பிளக்கும் கோடரி அல்ல. வளைந்த பிடி, அதன் முனையில் மரங்கொத்தியின் அலகுபோல ஒரு மெல்லிய எஃகு. பூட்ஸில் கிராம்பான் என்ற முள்சட்டம். அதன் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு முள்தான் கால் ஊன்றும் இடம். அலகு பனிக்கட்டிக்குள் இறங்குவது சில சமயம் ஓரிரு சென்டிமீட்டர்தான். அதை நம்பி ஒரு முழு ஆள் செங்குத்தில் நிற்கிறார். இடையிடையே பாதுகாப்புக்கு ஐஸ் ஸ்க்ரூ: 10 முதல் 22 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள, மரை போட்ட குழாய். திருகத் திருக, முறுக்கு அச்சில் மாவு வருவதுபோல் துளை வழியே பனிக்கோல் வெளியே வரும். கெட்டியாக வந்துகொண்டிருந்தால் நல்ல இடம். நடுவில் வெறுமையாகவோ தண்ணீராகவோ வந்தால் வேறு இடம் பார்க்க வேண்டும். குழாயில் கயிற்றை மாட்டிக்கொண்டு மேலே போகலாம். அப்படியும், முதலில் ஏறுபவர் விழவே கூடாது என்பது எழுதாத சட்டம். விழும் வேகத்தில் கால்முள் பனிக்கட்டியில் மாட்டினால் கணுக்கால் போய்விடும்.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரு பத்தி. முன்முள் வைத்த கிராம்பானை இத்தாலியின் லோரான் கிரிவெல் 1929இல் செய்தார். அதுவரை செங்குத்தில் ஒவ்வொரு அடிக்கும் படி வெட்டி ஏற வேண்டியிருந்தது. 1966இல் இவான் ஷுய்னார்ட் கோடரி அலகை வளைத்தார். 1974இல் ஜெஃப் லோவும் மைக் வைஸும் கொலராடோவின் பிரைடல் வெயில் அருவியில் ஏறினார்கள். போதும்.

இனி முதல் கேள்வி. ஒரு மீட்டர் குறுக்களவும் 20 மீட்டர் உயரமும் உள்ள ஒரு பனித்தூணை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பாறை விளிம்போடு ஒட்டியிருக்கிறது. கீழே பனிமேட்டில் ஊன்றியிருக்கிறது. கருவிகளோடு சேர்த்து 80 கிலோ ஆள் ஒருவர் அதில் தொங்கினால், தூணின் குறுக்குவெட்டில் சதுர சென்டிமீட்டருக்கு விழும் சுமை வெறும் 10 கிராம். பனிக்கட்டியை இழுத்து முறிக்கச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 10 கிலோ வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு! ஆள் ஏறியிருப்பதே தூணுக்குத் தெரியாது. சரி, தூணின் சொந்தக் கனம்? அடி ஊன்றாமல் அந்தரத்தில் தொங்கினாலும் உச்சியில் 1.8 கிலோதான். இந்தக் கணக்கில் 100 மீட்டருக்கு மேல் நீண்டால்தான் தன் கனத்தால் தானே முறிய வேண்டும். ஆனால் 20 மீட்டர் தூண்கள் முறிகின்றன. சில சமயம் யாரும் தொடாமலேயே முறிகின்றன. அப்படியானால் அதை இழுப்பது யார்?

குளிர்தான். தண்ணீர் உறையும்போது விரிகிறது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். உறைந்து முடிந்த பனிக்கட்டி, மேலும் குளிரக் குளிரச் சுருங்குகிறது என்பது பலருக்கு மறந்திருக்கும். ஒரு டிகிரி குறைந்தால் மீட்டருக்கு 0.05 மில்லிமீட்டர், எஃகு சுருங்குவதைப்போல நான்கு மடங்கு. நம் 20 மீட்டர் தூண் 10 டிகிரி குளிர்ந்தால் ஒரு சென்டிமீட்டர் குட்டையாக வேண்டும். ஒரு சென்டிமீட்டர் என்ன பிரமாதம் என்கிறீர்களா? மேலே பாறை விடாது, கீழே பனிமேடு விடாது. சுருங்க முடியாத ஒவ்வொரு டிகிரியும் சதுர சென்டிமீட்டருக்கு நாலரை கிலோ இழுவிசையாகத் தூணுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இரண்டு மூன்று டிகிரியிலேயே அந்தப் பத்துக் கிலோ எல்லை வந்துவிடும்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் ஒரு தூண்கூட ஓர் இரவைத் தாண்டக் கூடாது. ஆனாலும் மாதக்கணக்கில் நிற்கின்றன. என்னைச் சொக்கவைப்பது இந்த இடம்தான்.

மைனஸ் 10 டிகிரி நமக்குத்தான் குளிர். பனிக்கட்டிக்கு அது உலைச்சூடு. தனிவெப்பநிலைக் கணக்கில், அது தன் உருகுநிலையின் 96 சதவீதத்தில் இருக்கிறது. இரும்பை அதே நிலையில் வைக்க 1,470 டிகிரிக்குக் காய்ச்ச வேண்டும். அத்தனை சூட்டில் இருக்கும் பொருள் விறைத்து நிற்காது. இழுத்தால் மெல்ல வளைந்துகொடுக்கும். வெல்லப்பாகை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறிவரும் பாகை மெதுவாக இழுத்தால் கம்பியாக நீளும். வெடுக்கென்று இழுத்தால் முறியும். அதே பாகு, அதே கை, வேகம்தான் வேறு. பனித்தூணும் அப்படித்தான். குளிர் மெதுவாக இறங்கினால் தூண் கண்ணுக்குத் தெரியாமல் நீண்டுகொடுத்து, உள்ளிருக்கும் இழுவிசையைக் கரைத்துவிடும். குளிர் விறுவிறுவென்று இறங்கினால் நீள நேரம் கிடைக்காது. முறிவுதான்.

பாகு என்றதும் பாட்டி நினைவு வருகிறது. பொரி உருண்டைக்குப் பாகு காய்ச்சும்போது, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிக் கிண்ணத்தில் போடுவார். ‘டங்’ என்று சத்தம் வந்தால்தான் பொரியைக் கொட்டுவார். அருவி ஏறுபவர்களும் காதால்தான் பதம் பார்க்கிறார்கள். அலகு ‘தப்’ என்று அடங்கி இறங்கினால் நல்ல பதம். வெற்றுப் பானையைத் தட்டியதுபோல் ஒலித்தால் பின்னால் பாறையோடு ஒட்டவில்லை என்று அர்த்தம். ‘டங்’ என்று விறைப்பாக ஒலித்தால் நொறுங்கும் பதம். பாட்டி காத்திருந்த சத்தம் இவர்களுக்கு ஆகாத சத்தம். கோடரியைக் கொடுத்திருந்தால் பாட்டி நயாகராவில் பாதி தூரமாவது போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். பாகு கண்ணாடி வகை, ஐஸ் படிகம், அதன் அடுக்குகள் சீட்டுக்கட்டுபோல ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதால்தான் அது வளைந்துகொடுக்கிறது என்று இயற்பியல் ஆசிரியர்கள் கடிதம் எழுதுவதற்குள் நானே ஒப்புக்கொள்கிறேன். உவமையை இதற்குமேல் இழுத்தால் பாகு முறிந்துவிடும்.

குளிர் இறங்கும் வேகம்தான் தூணை முறிக்கிறது என்பது வெறும் காகிதக் கணக்கும் அல்ல. பிரெஞ்சு ஆல்ப்ஸில் அர்ஜென்தியேர் பனியாற்றுக்கு அருகே இரண்டு, இத்தாலியின் வால்சாவரென்ஷ் பள்ளத்தாக்கில் ஒன்று என மூன்று உறைந்த அருவிகளை ஆய்வாளர்கள் கண்காணித்தார்கள். பனிக்கட்டிக்குள் அழுத்தமானிகளைப் பதித்தார்கள், தொடர்ந்து படமெடுத்தார்கள். 2011இல் ‘ஜர்னல் ஆஃப் கிளேசியாலஜி’ இதழில் முடிவு வந்தது. காற்றின் வெப்பநிலை மணிக்குச் சில டிகிரி வீதம், பல மணி நேரம் தொடர்ந்து சரிந்து, மைனஸ் 10க்கும் கீழே போகும் நேரம்தான் மோசமான நேரம். அப்போது தூண் தானாகவும் சரியலாம்; ஏறுபவரின் ஒரு கொத்திலும் சரியலாம். பகலில் லேசாக இளகி இரவில் லேசாக உறையும் நாட்களில் உள்ளே அழுத்தம் ஏறி இறங்கினாலும், ஈரமான மெத்தென்ற பனிக்கட்டி அதைத் தாங்கிக்கொண்டது.

இதே கதை சிறிய அளவில் ஒவ்வொரு கொத்திலும் நடக்கிறது. பனிக்கட்டிக்குள் குளிர் நுழைவது ஆமை வேகத்தில்: ஒரு மணி நேரத்தில் ஆறேழு சென்டிமீட்டர், ஓர் இரவில் ஒரு சாண். பருத்த தூணின் நடுவில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்; அங்கே வெப்பநிலை பூஜ்யம். வெளித்தோல் மைனஸ் 15. தோல் சுருங்கப் பார்க்கிறது, உள்ளிருக்கும் உடல் விடுவதில்லை. மேளத்தோல்போல விறைத்து நிற்கும் அந்த மேற்பரப்பில் கோடரி அலகு ஒரு கீறல் போட்டால் போதும், தட்டுத் தட்டாகப் பெயர்ந்து முகத்துக்கு வரும். ஏறுபவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே ‘சாப்பாட்டுத் தட்டு’. ஆள் கனத்தைச் சட்டைசெய்யாத தூண், ஊசிமுனை அளவு கீறலைப் பொறுக்காது.

நம்ப முடியவில்லையா? மலை வேண்டாம், ஃப்ரீசர் போதும். ஒரு ஐஸ் துண்டை எடுத்த கையோடு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். படபடவென்று வெடித்து உள்ளே வெள்ளைக் கீறல்கள் ஓடும். இன்னொரு துண்டைத் தட்டில் வைத்து, மேலே ஈரம் பளபளக்கும்வரை விட்டுவிட்டுப் பிறகு போடுங்கள். சத்தமே வராது. இங்கே நடப்பது குளிர்வதல்ல, சூடேறுவது. இழுபடுவதும் தோல் அல்ல, உள்ளிருக்கும் உடல். ஆனால் பாடம் ஒன்றே: வெப்பநிலை எவ்வளவு மாறியது என்பதைவிட, எவ்வளவு வேகமாக மாறியது என்பது முக்கியம்.

அதற்காக வெயில் நல்லது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பல நாள் இளகினால் பனிக்கட்டிக்கும் பாறைக்கும் உள்ள பிடி விட்டுப்போய் மொத்தத் திரையும் இறங்கிவிடும். மேலே சரிவில் பனி குவிந்திருந்தால் பனிச்சரிவும் வரும். பதம் என்பது நடுவில்தான் இருக்கிறது: மைனஸ் இரண்டு, மூன்று, ஐந்து, அதுவும் ஓரிரு நாளாக அதிகம் ஏறாமல் இறங்காமல்.

ஆக, வாசகருக்குப் பதில் இது. உங்கள் கனத்தால் தூண் உடையாது. கடுங்குளிர் நாள் பாதுகாப்பான நாளும் அல்ல. திடீரென்று வந்த கடுங்குளிர் என்றால் அதுவே மிக மோசமான நாள். ஸ்பிட்டிக்கோ லடாக்குக்கோ அருவி ஏறப் போகிறவர்கள், ஏற்பாட்டாளர் காட்டும் வீடியோவை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நேற்று இரவு எத்தனை மணி நேரத்தில் எத்தனை டிகிரி இறங்கியது?” பதில் தெரியாதவர் கட்டும் கயிற்றில் நீங்கள் ஏறக் கூடாது.