பதினாலாம் நாள் எல்லோருக்கும் பொருந்தாது

கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிவிட்டால் போதும், "ஏதாவது விசேஷம் உண்டா?" என்ற கேள்வி தொடங்கிவிடும். காஞ்சிபுரத்தில் கேள்வியோடு யோசனையும் கூடவே வரும்: காமாட்சியம்மன் கோயில் சந்தான ஸ்தம்பத்தைச் சுற்றிவிட்டு வா. அடுத்த யோசனை தினசரி காலண்டரைக் காட்டும்: நாளை எண்ணு, பதினாலாம் நாளை விட்டுவிடாதே.

மாதவிலக்கு 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வருபவர்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரிவரும். நாள் தள்ளித் தள்ளி வருபவர்களை அது ஏமாற்றிவிடும்.

ஜப்பானின் நிகாட்டா நகரில் மகப்பேறு மருத்துவராக இருந்த கியூசாகு ஓகினோ, அறுவை சிகிச்சையின்போது சூலகங்களை நேரில் பார்த்து 1924இல் ஒரு முடிவைச் சொன்னார். கருமுட்டை வெளியாவது அடுத்த மாதவிலக்குக்கு 12 முதல் 16 நாள் முன்பு. அதாவது, கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். சுழற்சி நீள்வதும் குறுகுவதும் பெரும்பாலும் முட்டை வெளியாவதற்கு முந்தைய பாதியில்தான்.

ஒரு பெண்ணுக்கு அடுத்தடுத்து 33, 47, 39 நாட்களில் மாதவிலக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். முட்டை வெளியான நாள் ஏறத்தாழ 19, 33, 25. ஒரு முறைகூட 14 இல்லை. கைப்பேசிச் செயலிகள் பழைய மாதங்களின் சராசரியை வைத்தே நாள் குறிப்பதால் இங்கே அவையும் தடுமாறும். முட்டை வெளியானதா என்று அறியப் புரோஜெஸ்டிரான் அளவைப் பார்க்கும் '21ஆம் நாள்' ரத்தப் பரிசோதனையும் அப்படியே. 40 நாள் சுழற்சிக்கு அது 33ஆம் நாளை ஒட்டி எடுக்க வேண்டியது.

வெளியான முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும். அமெரிக்காவில் 221 பெண்களைக் கவனித்து 1995இல் வெளியான ஆய்வில், முட்டை வெளியான நாளோடு முடியும் ஆறு நாட்களுக்குள் தம்பதியர் சேர்ந்திருந்தபோது மட்டுமே கரு தங்கியிருந்தது.

அந்த நாட்களை உடம்பே காட்டிக்கொடுக்கும். வெள்ளைப்படுதல் கோழிமுட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக, இரு விரலுக்கிடையே அறுபடாமல் இழுபட்டால் முட்டை வெளியாகும் நேரம் நெருங்குகிறது. செலவில்லாத அடையாளம் இது. விடிந்ததும் படுக்கையை விட்டு எழாமல் பார்க்கும் உடல் வெப்பம் சுமார் 0.3 டிகிரி செல்சியஸ் கூடும். ஆனால் அது முட்டை வெளியான பிறகே தெரியும். அடுத்த மாதத்துக்குப் பாடமாக உதவும். எல்எச் ஹார்மோனைச் சிறுநீரில் பார்க்க மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஸ்ட்ரிப்பில் சோதனைக்கோடு அழுத்தமாக விழுந்தால், 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியாகலாம். 'நீர்க்கட்டி' என்று சொல்லப்படும் பிசிஓஎஸ் உள்ளவர்களில் சிலருக்கு எல்எச் எப்போதுமே உயர்ந்திருப்பதால், ஸ்ட்ரிப் பொய் சொல்லவும் கூடும்.

மிச்சமிருப்பது ஸ்கேன். ஒருநாள் விட்டு ஒருநாள் பார்த்து, முட்டைப்பை 18 மில்லிமீட்டரைத் தாண்டி வளர்வதையும் பிறகு வெடிப்பதையும் கவனிப்பார்கள். நாள் தள்ளி வருபவர்களுக்கு நடையும் கூடும். காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் கூலி சேலைக் கணக்கில்தான்; தறியை விட்டு இறங்கிய நேரத்துக்குக் காசு கிடையாது. நாளைத் துரத்த முடியாதவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் எளிய வழி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தம்பதியர் சேர்ந்திருப்பது. எந்த நாளில் முட்டை வெளியானாலும் அது விட்டுப்போகாது.

முட்டையே வெளியாகாவிட்டால் கணக்கெடுத்துப் பயனில்லை. அப்போது முட்டையை வெளிவரச் செய்யும் லெட்ரோசோல் போன்ற மாத்திரை தேவைப்படும். மார்பகப் புற்றுநோய்க்காக வந்த லெட்ரோசோலைக் கருத்தரிப்புக்குத் தர 2011இல் இந்திய அரசு தடை விதித்தது. பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2014இல் வெளியானது: லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேர் குழந்தை பெற்றார்கள். பழைய மருந்தான குளோமிஃபீனில் 19.1 சதவீதம். 2017இல் இங்கே தடை நீங்கியது. மருத்துவர் கண்காணிப்பில்லாமல் வாங்கிப் போடும் மாத்திரை அல்ல இது.

மாதவிலக்கு 21 நாளுக்குள் வந்தாலும் 35 நாளைத் தாண்டிக்கொண்டே போனாலும், ஓராண்டு பொறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. தைராய்டு, புரோலாக்டின் பரிசோதனைகளைத் தொடக்கத்திலேயே எடுத்துவிடலாம். கணவருக்கான விந்தணுப் பரிசோதனையும் அதே வாரத்தில் முடிய வேண்டியது. மனைவி மாதக்கணக்கில் ஸ்கேன் எடுத்து முடித்த பிறகு அவர் லேபுக்குக் கிளம்பினால், அத்தனை மாதமும் வீண்.