திரைக்கு வசப்படாத சிவகாசியின் உளவாளிகள்

1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸின் முதல் இதழ் வெளிவந்தது. கதையின் பெயர் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. லண்டன் மாலை நாளிதழ் ஒன்றில் பிறந்த மாடஸ்டி பிளைஸி அந்த இதழில் லயனின் முதல் நாயகி ஆனாள். தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்கு இன்றைக்கும் அவள் ‘இளவரசி’. இதே மாடஸ்டியைத் திரையில் நடமாட வைக்க மூன்று முறை முயன்று பார்த்தார்கள். 1966இல் ஒரு சினிமா, 1982இல் ஒரு தொலைக்காட்சிப் படம், 2004இல் நேராக டிவிடிக்கு வந்த ஒரு படம். ஒன்றுக்குக்கூட அடுத்த பாகம் வரவில்லை.

அவளுக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னதாகவே சிவகாசி வழியாகத் தமிழுக்கு வந்துவிட்ட இரும்புக்கை மாயாவியின் நிலைமை இன்னும் மோசம். அவனுக்குத் திரையில் முதல் பாகமே கிடையாது.

பழைய உளவுத் தொடர்களை மறுபடி எடுப்பவர்கள் ஏன் இத்தனை முறை சறுக்குகிறார்கள் என்ற கேள்விக்கு ஹாலிவுட்டை வைத்தே பதில் தேடுவது வழக்கம். சிவகாசியின் அச்சகங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் இன்னும் தெளிவாகக் கிடைக்கிறது.

உளவாளிகள் இந்தக் கந்தக பூமிக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் தீப்பெட்டி. 1920களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பிறகு வந்த பட்டாசுக்கும் வண்ண வண்ணமாய் லேபிள் வேண்டும். அதற்காக வந்த அச்சு இயந்திரங்கள் காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று கைவிரித்தன. அச்சு ஊரிலேயே மலிவாகவும் நன்றாகவும் கிடைத்ததால் காமிக்ஸும் அங்கே சாத்தியமானது. சௌந்திரபாண்டியன் 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. அவருடைய மகன் எஸ். விஜயன் பதின்ம வயதில் தொடங்கியது லயன். மாயாவி, லாரன்ஸ்–டேவிட், ஜானி நீரோ, காரிகன், மாடஸ்டி என்று உலகத்து உளவாளிகளில் பாதிப் பேர் இந்த ஊர் வழியாகத்தான் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடப் பைகளுக்குள் போனார்கள்.

வந்தவர்களை சிவகாசி அப்படியே விட்டுவைக்கவில்லை. ஆங்கில வசனங்கள் அழிக்கப்பட்டு, பலூன்களுக்குள் தமிழ் கையால் எழுதப்பட்டது. நாளிதழில் தினம் ஒரு வரிசையாக வந்த படங்கள் வெட்டி ஒட்டப்பட்டு பாக்கெட் அளவுப் பக்கங்களாயின. ‘ஸ்டீல் க்ளா’ இரும்புக்கை மாயாவி ஆனான். லண்டன் நாளிதழில் அரைகுறை உடையோடு நின்ற மாடஸ்டிக்கு இங்கே தூரிகையும் கறுப்பு மையும் கொண்டு ஆடை வரையப்பட்டது. தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் கைக்குப் போகிற புத்தகம் என்பதால் வேறு வழியில்லை. இத்தனை மாற்றியும் கதை மாறவில்லை. யார் யாருக்கு என்ன உறவு, ஏன் இந்த வேலைக்கு வந்தார்கள், எதற்காக உயிரைப் பணயம் வைக்கிறார்கள் என்பதில் கை வைக்கவே இல்லை. திரைக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்தார்கள்.

மாடஸ்டியை எழுதிய பீட்டர் ஓ’டொனல் இரண்டாம் உலகப் போரில் சிப்பாயாக இருந்தவர். 1942இல் ஈரானில் அவருடைய பிரிவு முகாமிட்டிருந்தபோது, எந்தத் துணையும் இல்லாமல் தனியாக நடந்துவந்த ஓர் அகதிச் சிறுமியைப் பார்த்தார். அந்தப் பிள்ளை அவர் மனதைவிட்டுப் போகவில்லை. இருபது ஆண்டு கழித்து நாயகி ஒருத்தி தேவைப்பட்டபோது அவளையே வளர்த்து எடுத்தார். முகாம் முகாமாக அலைந்து வளர்ந்தவள், டாஞ்சியர் நகரில் ஒரு குற்றக் கும்பலுக்குத் தலைவியாகிப் பணம் சேர்த்து, ஓய்வு பெறுகிறாள். அந்த ஓய்வு சலித்துப்போன சமயத்தில் பிரிட்டிஷ் உளவுத் துறையின் சர் ஜெரால்ட் டாரண்ட் வந்து உதவி கேட்கிறார். 1963 மே 13 அன்று ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில் ஜிம் ஹோல்டவேயின் சித்திரங்களோடு தொடர் ஆரம்பமானது.

கதையின் உயிர், மாடஸ்டிக்கும் வில்லி கார்வினுக்கும் இடையே உள்ள பிணைப்பு. சிறையிலிருந்து அவள் மீட்டுக் கொண்டுவந்த முரடன் அவன். அவளுக்காக எதையும் செய்வான், அவளும் அப்படியே. ஆனால் இருவரும் காதலர்கள் அல்ல, ஒருநாளும் ஆகமாட்டார்கள் என்பது ஓ’டொனல் போட்ட கோடு. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நாளிதழ்ப் பட்டைகளில் அவர் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

1966 படத்தை இயக்கியவர் ஜோசப் லோசி. சாதாரண ஆள் அல்ல; படம் கேன் விழாவில் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. மோனிகா விட்டி மாடஸ்டி, டெரன்ஸ் ஸ்டாம்ப் வில்லி, டர்க் போகார்ட் வில்லன். முதல் திரைக்கதையை ஓ’டொனலே எழுதிக்கொடுத்தார். பிறகு அதை மற்றவர்கள் மாற்றி மாற்றி எழுதியதில் அவருடையது என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. ஜேம்ஸ் பாண்ட் அலையைக் கிண்டல் செய்யும் படமாக அது உருமாறிவிட்டது. மாடஸ்டியும் வில்லியும் ஜோடிப் பாட்டுப் பாடுகிறார்கள், காதல் பேசுகிறார்கள். காட்சிக்குக் காட்சி அழகான படம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அகதி முகாமிலிருந்து நடந்துவந்த அந்தப் பெண்ணை அதில் எங்கே தேடுவது? தன் திரைக்கதையை வீணாக்க மனமில்லாமல் ஓ’டொனல் அதை 1965இல் நாவலாக வெளியிட்டார். அது நன்றாக விற்று, அடுத்தடுத்த நாவல்களுக்கும் வழி திறந்தது. படத்தின் இரண்டாம் பாகம் காகிதத்தில்தான் நடந்தது.

1982இல் வந்தது அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சிக்கான பைலட். தொடருக்குப் பணம் கொட்டுவதற்கு முன் ஒரே ஒரு கதையை எடுத்து ஒளிபரப்பி, வரவேற்பைப் பார்த்து முடிவு செய்வதுதான் பைலட். ஆன் டர்க்கல் மாடஸ்டியாக நடித்தார். லண்டனையும் டாஞ்சியரையும் விட்டுவிட்டுக் கதையை அமெரிக்காவுக்குத் தூக்கிச் சென்றார்கள். தொடர் வரவில்லை.

மூன்றாவது முயற்சியைப் புரிந்துகொள்ள உரிமை வியாபாரம் கொஞ்சம் தெரிய வேண்டும். ஒரு கதையைப் படமாக்கும் உரிமையை ஸ்டூடியோ வாங்கும்போது அதற்குக் காலக்கெடு உண்டு. கெடுவுக்குள் படம் எடுக்காவிட்டால் உரிமை கைவிட்டுப் போகும். மிராமாக்ஸ் நிறுவனத்திடம் மாடஸ்டி உரிமை இருந்தது. குவென்டின் டாரண்டினோவுக்கும் அவள்மேல் நெடுநாள் ஆசை. 1994இல் வந்த அவருடைய ‘பல்ப் ஃபிக்ஷன்’ படத்தில் ஜான் டிரவோல்டா கழிப்பறையில் உட்கார்ந்து படிப்பது மாடஸ்டி நாவல். பெரிய படத்துக்கான பேச்சு இழுத்துக்கொண்டே போக, உரிமையைத் தக்கவைக்க ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 18 நாளில் ஒரு சிறு படத்தை முடித்தார்கள். அதுதான் ‘மை நேம் இஸ் மாடஸ்டி’. அலெக்சாண்ட்ரா ஸ்டேடன் நடித்தார். கொள்ளையர்கள் ஒரு சூதாட்ட விடுதியைப் பிடித்துவைத்திருக்க, இளம் மாடஸ்டி தன் பழைய கதையைச் சொல்லிச் சொல்லி நேரம் கடத்துகிறாள். மூன்று படங்களில் மூலத்துக்கு மிக நெருங்கியது இந்த ஏழைப் படம்தான் என்பேன், ஏனென்றால் அகதிச் சிறுமி இதில் மட்டுமே இருக்கிறாள். ஆனால் வில்லி கார்வின் இல்லை. அவன் பின்னால் வந்து சேர்வான் என்று வைத்திருந்தார்கள். வரவேண்டிய அடுத்த படம் வரவேயில்லை.

ஓ’டொனல் 2001 ஏப்ரல் 11 அன்று, தன் 81ஆவது பிறந்த நாளில், நாளிதழ்த் தொடரை முடித்துக்கொண்டார். தனக்குப் பிறகு வேறொருவர் அதைத் தொடர்ந்து எழுதுவதை அவர் விரும்பவில்லை. மாடஸ்டியின் முடிவையும் 1996இல் வந்த கடைசிப் புத்தகத்தில் தானே எழுதிவைத்துவிட்டார்.

தொலைக்காட்சியிலேயே பிறந்த உளவாளிகளின் கதையும் பெரிதாக வேறல்ல. பிரிட்டிஷ் தொடரான ‘தி அவெஞ்சர்ஸ்’ 1998இல் படமானபோது விமர்சகர்களுக்கு முன்கூட்டியே காட்டக்கூடத் தயாரிப்பாளர்கள் முன்வரவில்லை. அதன் உளவு ஜோடியான ஸ்டீடும் எம்மா பீலும் பேசிக்கொள்ளும் அழகுக்காகவே ஓடிய தொடர் அது. படத்தில் அந்தப் பேச்சு உயிரில்லாமல் கிடந்தது. ‘தி மேன் ஃப்ரம் அங்கிள்’ தொடரின் பழைய நடிகர்களே 1983இல் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் மீண்டும் வந்தார்கள், தொடர் மீளவில்லை. 2015இல் புது முகங்களோடு வந்த படத்துக்கும் இரண்டாம் பாகம் இல்லை.

தமிழில் ஒரு விதிவிலக்கு உண்டு. சுஜாதாவின் கதையில் கமல்ஹாசன் உளவாளியாக நடித்த ‘விக்ரம்’ 1986இல் வந்தது. அந்தப் பெயரையும் அந்த ஏஜென்டையும் 36 ஆண்டு கழித்து எடுத்துவந்து இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பெரும் வெற்றி கண்டார். பழைய படத்தின் ராக்கெட்டையும் சலாமியா நாட்டையும் விட்டுவிட்டார். வயதாகிப்போன, இழப்பைச் சுமக்கிற ஒரு மனிதனை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அதே லோகேஷின் நெடுநாள் கனவு ‘இரும்புக்கை மாயாவி’. ‘மாநகரம்’ படத்துக்குப் பிறகு சூர்யாவை வைத்து எடுப்பதாக இருந்து, நடக்காமல் போனது. மாயாவியின் மூலக்கதை 1962 அக்டோபரில் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கியது. ஸ்பெயின் ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோ வரைந்தது. ஆய்வக உதவியாளன் லூயிஸ் கிராண்டல் விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொள்கிறான். உடலில் மின்சாரம் பாய்ந்தால் முழு உருவமும் மறைந்து அந்தக் கை மட்டும் தெரியும். முதலில் அந்த சக்தியால் கெட்டுப்போகிறான். திருந்தி, பின்பு நிழல் படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளி ஆகிறான். பழைய ஃப்ளீட்வே காமிக்ஸ் களஞ்சியத்தோடு இந்தக் கதையும் 2018இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரெபெல்லியன் நிறுவனத்திடம் போய்விட்டது. கிராண்டலின் கதையையே எடுக்க நினைக்கும் தமிழ்த் தயாரிப்பாளர் முதலில் அங்கே உரிமம் வாங்க வேண்டும்.

உரிமம் பணத்தால் தீரும். அதற்கு அடுத்தது தீராது. மாயாவியின் முக்கியமான சாகசங்கள் எல்லாமே அவன் கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் நடப்பவை. காற்றில் மிதந்து வரும் ஒரு கை, அதைக் கண்டு வெலவெலத்துப் போகும் எதிரி, இவ்வளவுதான் பக்கத்தில் இருக்கும். மீதியை வாசகர் தாமாக நிரப்பிக்கொண்டார். முகத்துக்காக டிக்கெட் விற்கும் தமிழ் சினிமாவில், படத்தின் நல்ல பாதி முழுக்கத் தன் முகம் தெரியாது என்பதற்கு ஒரு நட்சத்திரம் சம்மதிக்க வேண்டும். சம்மதம் கிடைக்காமல், மாயாவியை அடிக்கடி தெரியவைத்துக் கதையை வளைத்தால், மாடஸ்டி ஜோடிப் பாட்டுப் பாடிய இடத்துக்குத்தான் அந்தப் படமும் போய்ச் சேரும்.